வாசிக்கத் தெரிந்த முதலை

மனித குலம் எதற்காகச் சக்கரத்தைக் கண்டுபிடித்தது, எதற்காக மின்சாரத்தைப் பிடித்துக் கம்பிக்குள் அடைத்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒஹையோக்காரர்களைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பார்கள்: பீட்சா தின்னும் பிள்ளைகளுக்கு எதிரே ஓர் இயந்திர முதலை அக்கார்டியன் வாசிப்பதற்காக.

அந்த முதலையின் பெயர் மேஜர் மார்ட்டி. ஒரு பீட்சாக் கடை மேடையில் பதினோரு ஆண்டுகள் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிப் பணியாற்றி, கடை மூடியபோது 'ஓய்வு' பெற்று, பழைய இரும்புக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்கு எதிரே மெழுகுவத்தி ஊதிய குழந்தைகள் இப்போது வழுக்கை விழுந்த பெரியவர்களாகி, 'அசல் நகல் மன்றம்' என்ற உயர்ந்த அமைப்பை நிறுவியிருக்கிறார்கள். யாராவது மேஜரைப் போல ஒரு முதலை செய்தால், அது அசலான நகலா, நகலான நகலா என்று ஆராய்ந்து சான்றிதழ் வழங்குவது மன்றத்தின் தலையாய பணி. வேறு பணி எதுவும் அதற்கு இல்லை. சான்றிதழ் பெறாத முதலை ஆண்டு விழாவில் ஆட முடியாது.

அந்த விழாவுக்கு ஆசைப்பட்டாள் லோரெட்டா ஜூபான். கிளீவ்லாந்தில் ஒரு பல் மருத்துவரிடம் இருபத்தாறு வருஷமாக ஊரார் பல்லைச் சுத்தம் செய்கிறவள். அவளுடைய ஏழாவது பிறந்தநாளன்று மேஜர் அவளைப் பார்த்து, "இனிய பிறந்தநாள், பில்லி" என்றார். பில்லி அடுத்த மேஜைப் பையன். ஆனாலும் மேஜர் பார்த்தது தன்னைத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கார் ஷெட்டில் பதினோரு மாதம் வேலை நடந்தது. தலையைத் திருப்ப வைப்பர் மோட்டார், தாடைக்கு டயர் காற்றடிக்கும் கம்ப்ரஸர், தோலுக்கு யாரோ தூக்கிப்போட்ட சோபாவின் பச்சை ரெக்ஸின். அறுபத்தெட்டுப் பல்லையும் பல்செட் செய்யும் பிசினில் அவளே வார்த்தாள். அவள் கணவன் ரே, தபால்காரன், ஷெட்டை முதலைக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தினமும் காலையில் வாசலில் நின்ற காரைப் பனியிலிருந்து தோண்டி எடுத்தான்.

லோரெட்டா ஒரே ஒரு தப்புச் செய்தாள். மேஜர் கையில் அக்கார்டியன் என்று இருந்தது வர்ணமடித்த வெறும் பலகைப் பெட்டி. அவளுக்கு அது பாவமாகப் பட்டது. கல்யாண வீடுகளில் போல்கா ஆட்டத்துக்கு வாசித்துத் தேய்ந்துபோன, மாமாவின் துருத்தி வைத்த நிஜ அக்கார்டியனை எடுத்துவந்து, முதலையின் விரல்கள் கட்டைகளை உண்மையிலேயே அழுத்தும்படி செய்துவிட்டாள். பிப்ரவரியில் ஒருநாள் முதலை ஒரு போல்காவை முதலிலிருந்து கடைசிவரை பிசகாமல் வாசித்தது. ரே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சாக்ஸோடு ஆடினான்.

"பதினேழு வருஷத்துல உன்னால என்னை ஆட வைக்க முடியல லோரி," என்றான். "ஒரு முதலைக்கு முடிஞ்சிருச்சு பாரு."

மார்ச்சில் மன்றத்தார் ஐந்து பேர் ஆய்வுக்கு வந்தார்கள். தலைவர் ட்வைட் பர்செல் நகராட்சியில் சிக்னல் விளக்குகளுக்கு அதிகாரியாக இருந்தவர். எதையும் நிறுத்தி வைப்பதில் நீண்ட அனுபவம் உள்ளவர். முதலை போல்காவை வாசித்துக் காட்டியது. பிறகு குறைகள் வாசிக்கப்பட்டன. அசல் மேஜரின் தாடை பேச்சுக்கு முக்கால் நொடி பிந்தித்தான் மூடும். இது ஒழுங்காக மூடுகிறது. இடது கண் பாதிதான் திறக்கும். இது முழுசாகத் திறக்கிறது. மூன்று பல் கிடையாது; இதற்கு எல்லாமே இருக்கிறது, அதுவும் வெள்ளையாக.

"கடைசியா ஒரு பெரிய குறை," என்றார் ட்வைட். "இதுக்கு வாசிக்கத் தெரியுது."

"மேஜரும் வாசிச்சாரே?"

"வாசிக்கிற மாதிரி இருந்தார், லோரெட்டா. டேப் ஓடும், இவர் கையை ஆட்டுவார். அந்தக் கலைதான் இதுல இல்ல."

குறைகளை நிவர்த்தி செய்துகொண்டு வரவேண்டும், இறுதி ஆய்வு விழா மேடையிலேயே நடக்கும் என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துவிட்டுப் போனார்கள்.

லோரெட்டா குறடை எடுத்தாள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பல்லைக் காப்பாற்றியவள், நல்ல பல் இரண்டைப் பிடுங்கினாள். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. குறடைக் கீழே வைத்துவிட்டு முதலைக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதாள். முதலைக்காக விட்டதால் அதை முதலைக் கண்ணீர் என்று பதிவு செய்யலாம். மற்றதை அவள் தொடவில்லை. சான்றிதழ் போனால் போகட்டும், ஆய்வென்ற பேரிலாவது பிள்ளைகள் ஒரு தடவை கேட்கட்டும் என்று அப்படியே வண்டியில் ஏற்றினாள்.

விழா ஓர் ஓட்டல் கூடத்தில். முன் வரிசை முழுக்கப் பிள்ளைகள். மன்றத்தார் ஐவரும் மேடை நாற்காலிகளில் அமர்ந்தார்கள். ட்வைட் எழுந்து, பல்லை எண்ணக் குனிந்தார். வண்டியில் குலுங்கி வந்ததிலே தளர்ந்திருந்த காற்றுக்குழாய் அந்த நேரம் பார்த்துக் கழன்றுகொண்டது. தாடை 'டப்'பென்று மூடி அவருடைய டையைக் கவ்விக்கொண்டது. அக்கார்டியன் சளி பிடித்த மாடு மாதிரி ஒரே சுரத்தில் முனகியது. இடது இமை பாதியில் தொங்கியது. "இனிய பிறந்தநாள், இனிய பிறந்தநாள்" என்று உள்ளே பதிவாகியிருந்த குரல் நிறுத்தாமல் வாழ்த்தியது.

முதலையோடு மூக்கும் மூக்கும் உரச மண்டியிட்டிருந்த ட்வைட்டின் கண்கள் கலங்கிவிட்டன. "இவர்தான்," என்றார். "என் ஒன்பதாவது பிறந்தநாள்ல என் தொப்பியக் கவ்வினது இவர்தான்."

சான்றிதழ் ஒருமனதாக வழங்கப்பட்டது. கவ்வப்பட்ட நிலையிலேயே தலைவர் கையெழுத்திட்டார்.

முன் வரிசையில் ஒரு சிறுமி, "அது எப்ப வாசிக்கும்?" என்று கேட்டாள்.

லோரெட்டா ஒரு கையில் சான்றிதழோடு முதலையின் பின்பக்கம் போனாள். தொடக்கூடாது, தொட்டால் செல்லாது என்று நால்வர் எச்சரித்தார்கள். ஐந்தாமவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவள் சான்றிதழை முதலையின் முதுகில் வைத்துவிட்டுக் குழாயை மாட்டினாள். தாடை டையை விட்டது. போல்கா கிளம்பியது. பிள்ளைகள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். ரேயின் பூட்ஸ் ஒரு மூலைக்குப் போயிற்று.

மன்றம் அவசரமாகக் கூடியது. முதலை வேலை செய்வது நிரூபணமாகிவிட்டதால் சான்றிதழ் ரத்து என்று ட்வைட் அறிவித்தார். ஆண்டு விழாவில் 'அசல் நகல்' ஒன்றுகூட இல்லாமல் போனதற்குத் தம் ஆழ்ந்த வருத்தத்தையும் தெரிவித்துக்கொண்டார்.

"ஏன் இல்ல, ட்வைட்?" என்றாள் லோரெட்டா. அவள் குரலை உயர்த்தவில்லை. "மேடை மேல அஞ்சு உட்கார்ந்திருக்கே. தலை எல்லாப் பக்கமும் ஆடுது, வாய் லேட்டா மூடுது, உள்ள காத்துதான் இருக்கு. கையில ஆளுக்கொரு வாத்தியம் குடுத்துட்டா முடிஞ்சுது."

செயலாளர் அதைக் கவனமாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எந்த வாத்தியம் என்று பரிந்துரைக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.