பேஸ்போல் தியாகி

தெரியாத விஷயத்தைத் தெரியும் என்று சொல்ல எனக்கு ஒருபோதும் தைரியம் தேவைப்பட்டதில்லை. தெரியாது என்று சொல்வதற்குத்தான் தைரியம் போதாது. ரொறன்ரோவில் ஒரு கல்லூரியின் பேஸ்போல் வரலாற்றை நான் எழுத நேர்ந்தது இந்தக் குணத்தினால்தான்.

1986ஆம் ஆண்டு. மன்னாரிலிருந்து வந்து ஒன்பது மாதம். அந்தக் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கும் தற்காலிக வேலை எனக்கு. ஒரு நாள் நூலகப் பொறுப்பாளர் மார்கிரெட் என்னைக் கூப்பிட்டார். பேஸ்போல் அணியின் கோச் ஓய்வு பெறுகிறாராம். அவர் காலத்தில் அணி தொடர்ந்து நான்கு வருடம் கிண்ணம் வென்றதாம். பிரியாவிடை விருந்தில் வாசிக்க அணியின் வரலாறு வேண்டும். எழுதுவதாக இருந்தவர் காலை முறித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

"உனக்கு பேஸ்போல் தெரியுமா?"

"ஊரில் விளையாடியிருக்கிறேன்" என்றேன்.

நான் விளையாடியது கிரிக்கெட். (அதிலும் பெரும்பாலும் பற்றைக்குள் பந்து தேடியதுதான்.) இரண்டிலும் ஒருவர் எறிய மற்றவர் அடிக்கிறார், என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன். வேலையை நிரந்தரமாக்கும் முடிவு மார்கிரெட்டின் கையில் இருந்ததையும் மறைக்க விரும்பவில்லை.

ஒரு பெட்டி நிறைய ஆட்டக் குறிப்பேடுகளைத் தந்தார். மல்வேர்னில் என்னோடு அறை பகிர்ந்திருந்த அன்ரன் அண்ணையின் முன் அதை இறக்கினேன். அவருக்கு ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்பவர்கள் பேஸ்போல் பற்றிக் கதைப்பதைத் தினமும் கேட்பவர் என்பதால், எங்கள் கட்டடத்தில் அவர்தான் நிபுணர்.

"அண்ணை, ஒரே பெடியன் முப்பது 'பேஸ்' திருடினதெண்டு கிடக்கு. பேஸ் எண்டா என்ன?"

"நிலத்தில கிடக்கிற வெள்ளைத் தலகணி. வீட்டை கொண்டு போயிருப்பான்."

"முப்பதையுமோ?"

"உதை எழுதாத. பெடியன்ர பேர் கெட்டுப்போகும்."

அந்தப் பெடியனை வரலாற்றிலிருந்து முழுதாக நீக்கினேன்.

அடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஈ' என்ற ஆங்கில எழுத்தின் கீழ் ஓர் எண் இருந்தது. "ஈ எண்டா எக்ஸலன்ற். வேறென்ன?" என்றார் அண்ணை. அதிக ஈ வாங்கியவரை அணியின் தூண் என்று எழுதினேன்.

பிறகு அந்த வரி வந்தது. கென், சாக்ரிஃபைஸ், பதினான்கு.

அண்ணை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "தியாகம். ஆள் செத்திட்டான் போல."

"பதினாலு தரமோ?"

"அது அவன்ர ஜேர்சி நம்பராய் இருக்கும்."

அப்படியே எழுதினேன். அந்த நாட்களில் நாங்கள் விட்டுவந்த ஊரில் தியாகம் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கவில்லை.

விருந்து ஒரு சனிக்கிழமை மதியம். பழைய ஆட்டக்காரர்களும் சேர்த்து நூறு பேர் இருப்பார்கள். அண்ணையின் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். அணியின் தூண் பற்றிச் சொன்னபோது மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பழைய சந்தோஷம் என்று எண்ணிக்கொண்டேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இந்த வெற்றிகளுக்காகத் தன்னையே தந்த கென்னுக்காக ஒரு நிமிடம் எழுந்து மௌனமாக நிற்போம்" என்றேன்.

கனடாக்காரர் மரியாதையாகக் கேட்டால் எழும்பிவிடுவார்கள். எல்லோரும் நின்றார்கள். நான் கண்களை மூடினேன். நிமிடம் முடிந்து திறந்தபோது, மூன்றாவது மேசையில் சிவப்பு மீசை வைத்த ஒருவர் தலைகுனிந்து நிற்க, பக்கத்தில் நின்றவர்களின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. மீசைக்காரர் கையை உயர்த்தினார்.

"கென் நான்தான். நான் எப்போது இறந்தேன்?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

"ஆவணத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றேன்.

அதன்பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காக நினைவில்லை. கோச் சிரிப்பில் வழிந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வந்து விளக்கினார். ஏற்கெனவே ஒரு பேஸில் நிற்கும் தன் அணிக்காரர் அடுத்த பேஸுக்கு ஓடட்டும் என்று தெரிந்தே ஆட்டமிழப்பதுதான் சாக்ரிஃபைஸாம். ஈ என்பது ஆட்டக்காரர் விட்ட பிழைகளின் எண்ணிக்கையாம். பேஸ் திருடுவது என்றால் எறிபவர் அசரும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் கெட்டித்தனமாம். வழுக்கைத் தலை மனிதர் ஒருவர், "முப்பது பேஸ் திருடினேன், என் பெயரே இல்லையே" என்று முகம் வாடிக் கேட்டார். "உங்கள் மரியாதையைக் காப்பாற்றினேன்" என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் அப்போது எதுவும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை வேலை போய்விட்டது என்ற முடிவோடுதான் நூலகத்துக்குப் போனேன். பிரியாவிடையில் அழுதுவிடுவேனோ என்று பயந்திருந்த கோச், என்னால் தப்பியதாக மார்கிரெட்டிடம் சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானது. (விளையாட்டுப் புத்தகப் பகுதிக்கு மட்டும் என்னை விடவில்லை.)

இந்தக் கதையை என் மனைவி பிள்ளைகளுக்கு விபரமாகவே சொல்லி வளர்த்திருக்கிறாள். வீட்டில் யாராவது விருப்பமில்லாத வேலை ஒன்றைத் தானாக ஏற்றுக்கொண்டால், மற்றவர்கள் எழுந்து கண்மூடி நிற்பார்கள். சென்ற வருடம் இளைய மகள் தான் கட்டப்போகிற பையனை முதன்முதலாகச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தாள். சாப்பிட்டு முடிந்ததும் அவன், "கோப்பை எல்லாம் நான் கழுவுறன் அன்ரி" என்றான். நாங்கள் எழுந்து நின்றோம். அவனும் சேர்ந்து நின்று, தலையைக் குனிந்து, முழு நிமிடமும் அசையாமல் இருந்தான். பிறகு என் பக்கம் சரிந்து, மிகவும் மெதுவாகக் கேட்டான்.

"ஆர் அங்கிள் செத்தது?"