வால்வு மைக்கில் ஒரு பெண் பார்க்கும் படலம்

கோபக்காரன் கையில் கத்தியைக்கூடக் கொடுக்கலாம், மைக்கைக் கொடுக்கக் கூடாது. எனக்கு அப்போது வயது இருபத்தைந்து. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் அப்பா, அம்மா, நான், தங்கை வைதேகி என்று குடியிருந்தோம். நாலு பேரில் கோபம் எனக்கு மட்டும்தான் வரும். (மற்ற மூன்று பேருக்கும் அதற்கு இடம் இருந்ததில்லை என்று அப்பா சொல்வார்.)

எழுபதுகளின் கடைசி. கல்கத்தாத் தமிழ்ப் பெண்களுக்கு மெட்ராசிலிருந்து வரன் வந்தால் ஒரு சிக்கல் உண்டு. பெண் பார்க்க அவ்வளவு தூரம் ரயிலேறி யார் வருவது? அதனால் முதலில் போட்டோ போகும். போட்டோ பிடித்தால், "பொண்ணு பாடுமாமே, ஒரு கேசட்ல பாடி அனுப்பச் சொல்லுங்கோ" என்று தகவல் வரும். பாட்டும் பிடித்தால்தான் அவர்கள் ரயில் டிக்கெட் வாங்குவார்கள். இதைக் கேட்ட மாத்திரத்திலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வைதேகி நன்றாகப் பாடுவாள். அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. யாரையும் பாராட்டிப் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் எங்கள் கேசட் ரெக்கார்டரோடு கூடப் பிறந்த குட்டி மைக்கில் பாடினால் ஜலதோஷம் பிடித்தவள் மாதிரி கேட்கும். அப்படி ஒரு கேசட் திருச்சிக்குப் போய், "பொண்ணுக்கு மூக்குல ஏதானும் கோளாறோ?" என்று பதில் வந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. அடுத்து மயிலாப்பூரிலிருந்து ஒரு வரன் கேசட் கேட்டபோது தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, இதுதான் கடைசி. இதுக்கப்புறம் யாருக்கும் பாடி அனுப்ப மாட்டேன். கல்யாணம் ஆகலேன்னா போறது."

அவளை மூக்கால் பாடுகிறவள் என்று சொன்ன உலகத்தைப் பழிவாங்குவது என்று தீர்மானித்தேன். டாலிகஞ்சில் மூடிக்கிடந்த ஒரு ஸ்டூடியோவின் சாமான்களைப் பாதல்தா என்று ஒருவர் விற்றுக்கொண்டிருப்பதாக ஆபீசில் சொன்னார்கள். போனேன். பெரிய டம்ளர் அளவுக்கு ஒரு வால்வு மைக். மேல் பாதி முழுக்கக் கம்பி வலை, உள்ளே வால்வு, கனத்த வயர், அதன் நுனியில் கரண்ட் கொடுக்க ஓர் இரும்புப் பெட்டி. சூடேறவே கால் மணி நேரம் ஆகும். பாதல்தா அதை நிமிர்த்திப் பிடித்து என்னைப் பேசச் சொன்னார். "ஹலோ" என்றேன். ஸ்பீக்கரில் வந்த என் குரலைக் கேட்டு நானே எழுந்து நின்றேன். அவ்வளவு மரியாதையான குரல் என்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

"எங்கள் தெருவில் ஒரே சத்தமாக இருக்குமே?" என்று பெங்காலியில் கேட்டேன்.

"தாதா, பாஷே பாரி பேங்கே போர்லேயோ ஷுன்பே நா!" என்றார். பக்கத்தில் வீடே இடிந்து விழுந்தாலும் இதன் காதில் விழாதாம். பூஜா போனஸ் மொத்தத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டு டிராமில் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதிவு. அன்று ராத்திரியே சேது மாமா, அம்மாவின் தம்பி, மெட்ராஸ் மெயிலில் கிளம்புகிறார். கேசட்டை அவரே மயிலாப்பூரில் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. பூஜைப் பந்தல்களில் பாடுகிறவர்கள் மைக்கின் தலையை வாய்க்கு நேராக வைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே போல ஒரு முக்காலியின் மேல் மைக்கைப் படுக்கவைத்து, தலை வைதேகியின் வாயைப் பார்க்கும்படி கட்டினேன். அதன் விலாவில் கம்பெனி முத்திரை பளபளவென்று இருந்தது. காசு கொடுத்தவன் நான் அல்லவா, முத்திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ரெக்கார்டரோடு உட்கார்ந்தேன்.

ஜன்னல்களைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். புழுக்கத்தில் எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. வைதேகி கல்யாணியில் ஒரு கீர்த்தனையை எடுத்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் அப்படிப் பாடி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது. இப்படிப் பாடுகிறவளை முகம் தெரியாத யாரோ காபி குடித்துக்கொண்டே கேட்டு மார்க் போடப் போகிறார்களே! மைக்குக்குத்தான் பக்கத்தில் வீடு இடிந்தாலும் கேட்காதே என்ற தைரியத்தில் வாய்விட்டே புலம்ப ஆரம்பித்தேன். எனக்கு நேர் எதிரே சமையலறையில் அம்மா தேங்காய் துருவினாள், அதற்கு ஒரு வசவு. விளக்கு வைக்கும் நேரம் என்று அடுத்த வீட்டு வங்காளி மாமி போஸ் காக்கிமா சங்கு ஊதினாள், அதற்கு ஒரு வசவு. ரெக்கார்டரில் சத்தத்தைக் காட்டும் முள் துள்ளித் துள்ளி ஆடியது. ஆஹா, என்ன குரல் என் தங்கைக்கு என்று பூரித்துப்போனேன்.

பாட்டு முடிந்தது, கரண்டும் போனது. அந்த நாளில் கல்கத்தாவில் கரண்ட் போவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. ரெக்கார்டரில் செல் போடும் இடம் என்றைக்கோ துருப்பிடித்துப் போயிருந்தது, போட்டுக் கேட்க வழியில்லை.

"இருங்கோ மாமா, கரண்ட் வந்ததும் ஒரு தரம் கேட்டுடலாம்."

"உங்க ஊர் கரண்டை நம்பினா நான் ரயிலை விட்டுடுவேண்டா. கொண்டா இப்படி" என்று கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு மாமா ஹௌராவுக்குக் கிளம்பினார்.

அவர் மெட்ராசிலிருந்து திரும்பி வந்தபோது செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அம்மா, "என்ன சொன்னா?" என்றாள்.

"எல்லாரும் வட்டமா உக்காந்துண்டா அக்கா. முதல்ல தேங்காய் துருவற சத்தம். பையனோட அப்பா, 'தாளம் புதுசா இருக்கே'ன்னார். அப்புறம் இவன் வந்தான்."

"யாரு?"

"உன் பிள்ளை!"

மாமா கேசட்டைப் போட்டார். எங்கள் கூடத்தில் என் குரல் மணி மணியாக முழங்கியது. "சங்கு வேற ஊதறா! இந்த சம்பந்தத்துக்கு இப்பவே ஊதிடலாம்... பாட்டுக் கேட்டுப் பொண்ணெடுக்கறாளாம், மார்க்கெட்ல வெண்டைக்காயை ஒடிச்சுப் பாக்கறாப்பல... அந்தப் பையன் போட்டோவைப் பாத்தா அவனே முத்தின வெண்டைக்காயாட்டம்தான் இருக்கான்..." வைதேகியோ கிணற்றுக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்தாள்.

"பையனோட அப்பா என்னடா சொன்னார்?" என்று கேட்டார் அப்பா.

"'மச்சினன் குரல் ரொம்பக் கம்பீரம், ரேடியோல நியூஸ் வாசிக்கலாம். சம்பந்தம் வேண்டாம்'னார்."

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் கேசட்டோடு டாலிகஞ்சுக்குப் பாய்ந்தேன். பாதல்தா நிதானமாகக் கேட்டுவிட்டு, என் குரலை மெச்சி, டீ வரவழைத்துக் கொடுத்தார். இந்த ஜாதி மைக்குக்குக் காது விலாவில்தானாம், முத்திரை இருக்கும் பக்கமும் அதற்கு நேர் பின்பக்கமும். தலைப்பக்கம் செவிடு. "இதை ஏனய்யா அன்றைக்கே சொல்லவில்லை?" என்று கத்தினேன். நான் கேட்கவில்லையாம். அந்த ஆள் சொன்னது பொய்யும் இல்லை. வீடு இடிந்தாலும் கேட்காத அந்தப் பக்கத்தில்தான் என் தங்கையை உட்கார்த்தியிருந்தேன். அவர் கொடுத்த டீயைக் குடித்தேனே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வைதேகி அழுவாள் என்று பயந்தோம். அவள் அழவில்லை. சொன்னபடியே அதன் பிறகு யாருக்கும் பாடி அனுப்பவும் இல்லை. "பொண்ணு பாடுமா?" என்று யார் கேட்டாலும், "எங்காத்துல அண்ணாதான் பாடுவான், கேசட் இருக்கு" என்பாள். கேட்டவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். ஹௌராவுக்குப் பக்கத்தில் சாந்த்ராகாச்சியிலிருந்து வந்த ரயில்வேக்காரர் ஒருவர் மட்டும் கேசட்டைப் போடச் சொல்லி, கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவரையே கல்யாணம் செய்துகொண்டாள்.

அந்தப் பாவி மனிதர் கேசட்டைப் பத்திரப்படுத்திவிட்டார். சீமந்தம், பூணூல், எது நடந்தாலும் சாப்பாடானதும், "மாமா கச்சேரியைப் போடுங்கோ" என்று ஒரு குரல் வரும். என் வசவுகள் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். இப்போது பேரன் பேத்திகள் என் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கிறார்கள்.

போன வருஷம் ஒரு சஷ்டியப்தபூர்த்தியில் வழக்கம்போலக் கேசட்டைக் கேட்டு எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது வைதேகி கையை உயர்த்தினாள். அவள் பாடுவதை விட்டுப் பல வருஷங்கள் ஆகின்றன.

"கொஞ்சம் சும்மா இருங்கோளேன். அண்ணா குரலுக்குப் பின்னாடி கேளுங்கோ, நான் அன்னிக்கு எவ்வளவு நன்னா பாடியிருக்கேன்."

கூடம் அடங்கியது. நான் ஸ்பீக்கரிடம் காதைக் கொண்டுபோனேன். எங்கேயோ தூரத்தில் கல்யாணி மேலே ஏறிக்கொண்டிருந்தது. இதோ உச்சிக்கு வருகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த இடத்தில் கேசட்டிலிருந்த அந்த இருபத்தைந்து வயதுக்காரன் வாயைத் திறந்தான்.

"வாயை மூடேண்டா, கடங்காரா!" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினேன்.

அவன் மூடவில்லை.