ஒன்பது யோசனைகளும் பதின்மூன்று வீடுகளும்

மதிப்பிற்குரிய குடித்தனப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, ஒரு மஃப்ளர், மகள் வாங்கிக் கொடுத்த குரங்குக் குல்லாய் ஆகியவற்றுக்குள் நலமாக இருக்கிறேன். தங்கள் நலத்தையும் தங்கள் அலுவலகத்து ஹீட்டரின் நலத்தையும் அறிய ஆவல்.

எனக்கு வயது அறுபத்தெட்டு. முப்பத்தோரு வருடம் ஒரு பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று நோட்டில் எழுதுவதும், வராத வண்டிக்காகப் பயணிகளிடம் திட்டு வாங்குவதும்தான் என் வேலை. யார் வந்து கேட்டாலும் "பத்து நிமிஷத்துல வந்துரும்" என்று சொல்லிச் சொல்லி, எனக்கே ‘பத்து நிமிஷம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. பிரிவு உபசார விழாவில் கட்டிய துணியில்கூட அந்தப் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். விழா முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது வேறு விஷயம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அச்சில் வந்ததை அப்படியே நம்பிக் கடைப்பிடிக்கும் குணம் எனக்கு உத்தியோகத்தில் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் உங்கள் பக்கத்தில் வந்த ‘குளிர் நகரத்தில் குடியேற ஒன்பது யோசனைகள்’ கட்டுரையைக் கத்தரித்து, நான்காக மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வீடு தேடப் புறப்பட்டேன். என் கஷ்டகாலம் அங்கே ஆரம்பித்தது.

இந்த வடக்குக் குளிருக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. என் மனைவிக்கு இரண்டு வருடமாக மறதி நோய். முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு பேரன் பேத்திகளை மறந்தாள், பிறகு எங்கள் வீட்டையே மறந்துவிட்டு, "நான் வீட்டுக்குப் போகணும்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தாள். இரண்டு முறை மழையில் நனைந்தபடி ஏதோ ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்து அழைத்து வந்தேன். இந்த ஊரில் வேலை பார்க்கும் மகள், "அப்பா, இனிமே உங்களால தனியா முடியாது. இங்க நல்ல இல்லம் ஒண்ணு இருக்கு, அம்மாவ அங்க சேத்துடலாம். நீங்க பக்கத்துலயே ஒரு வீடு பாத்துக்குங்க" என்றாள். சேர்த்தாயிற்று. மகள் வீட்டில் ஒரே படுக்கையறை. எனக்குச் சோபா. என் கால் நீளம், சோபா குட்டை. அங்கிருந்து இல்லத்துக்கு இரண்டு பஸ் மாறி ஒன்றேகால் மணி நேரம். ஆகவே வீடு பார்த்தே ஆகவேண்டிய நிலைமை.

‘பனிக்காலத்தில் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்’ என்பது உங்கள் முதல் யோசனை. நடந்தேன். தெருக்கோடி வரை பன்னிரண்டு நிமிடம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பாதியில் கால் வழுக்கி, மீதித் தூரத்தை உட்கார்ந்தவாக்கிலேயே கடந்து, நான்கு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தேன். என் சர்வீசில் முதன்முதலாக ‘குறித்த நேரத்துக்கு முன் வருகை’ என்று நோட்டில் எழுதியது அன்றைக்குத்தான். ‘அக்கம்பக்கத்தாரிடம் பேசிப் பாருங்கள்’ என்றீர்கள். இங்கே அக்கம்பக்கத்தார் என்றால் கோட்டும் கம்பளியும்தான் தெரியும், ஆள் தெரியாது. கண்ணை மட்டும் விட்டு மிச்சமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்து, தண்ணீர் எப்படி, குப்பை வண்டி எப்போது வரும், இந்தத் தெருவில் மருமகன்கள் மாமனார்களை மதிப்பார்களா என்றெல்லாம் விசாரித்தேன். அவரும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில், "மாமா, நான்தான். உங்கள அழைச்சிட்டுப் போக வந்தேன்" என்றார். காதை மூடும் குல்லாய்க்குள் குரல் எங்கே தெரிகிறது? அன்று முதல் மருமகன் என்னை அளவுக்கு அதிகமாகவே மதிக்கிறார்.

ஹீட்டரைச் சோதிக்கச் சொன்ன யோசனையில்தான் மானம் போனது. ஐந்தாவது வீட்டில் அதைத் திருகிவிட்டு, சூடு ஏறுகிறதா என்று உட்கார்ந்து பார்த்தேன். தரகர் சாவியை வைத்துவிட்டு யாருடனோ போனில் பேசப் போய்விட்டார். சூடு ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, திருகியை மறுபக்கம் திருப்பினால் கையோடு வந்துவிட்டது. கோட்டைக் கழற்றினேன், ஸ்வெட்டரைக் கழற்றினேன், அடுத்த ஸ்வெட்டர், சட்டை. பனியனோடு சோபாவில் உட்கார்ந்து உங்கள் கட்டுரையால் விசிறிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மாள் உள்ளே வந்தார். அந்த வீடு எனக்குக் கிடைக்கவில்லை. வெயில் வரும் ஜன்னல் வேண்டும் என்றீர்களே, எட்டாவது வீட்டில் அதற்காக அரை நாள் காத்திருந்தேன். வெயில் 11.40-க்கு வந்தது, 11.51-க்குப் புறப்பட்டுவிட்டது. மூன்றாவது வீட்டைப் பற்றி எழுதவே வேண்டாம். நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது, வடக்குப் பார்த்த ஜன்னல், யாரோ உள்ளே பூட்டி வைத்த மாதிரி தட்டிக்கொண்டே இருக்கும் ஹீட்டர், கீழே பஸ் வராத ஒரு பஸ் ஸ்டாப். இரண்டே நிமிடத்தில் இறங்கிவிட்டேன். இப்படிப் பதின்மூன்று வீடுகள். தரகர் இப்போதெல்லாம் என் போனை எடுப்பதில்லை.

இதெல்லாம் போகட்டும். என் புகார் உங்கள் ஏழாவது யோசனையைப் பற்றியது. ‘தினமும் போகவேண்டிய இடம் அரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டு, அலுவலகம், பள்ளிக்கூடம், கடை என்று மூன்றைச் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். நான் தினமும் போகிற இடம் அதில் இல்லை. அங்கே ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்திருப்பாள், யாரையும் உட்கார விடமாட்டாள். நான் நின்றுகொண்டுதான் பேசவேண்டும். ஜன்னலுக்கு எதிரே ஒரு பஸ் ஸ்டாப், போன வருடமே அந்தத் தடத்தை நிறுத்திவிட்டார்களாம். அவளுக்கு அது தெரியாது. அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆசிரியர் அவர்களே, எங்களுக்குக் கல்யாணமானதே பஸ் வராததால்தான். அவள் அப்போது ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை எட்டு இருபது வண்டி அவளுடையது. அது ஒருநாளும் எட்டு இருபதுக்கு வந்ததில்லை. தினமும் என் ஜன்னலுக்கு வந்து திட்டுவாள். ஒன்றரை வருடம் திட்டு வாங்கினேன், பிறகு அவள் வீட்டில் போய்ப் பெண் கேட்டேன். அதற்குப் பிறகு நாற்பது வருடம் அவள் என்னிடம் பஸ்ஸைப் பற்றிக் கேட்டதே இல்லை. போன வாரம் இல்லத்துச் செவிலி என்னைக் காட்டி, "இவரு யாருன்னு தெரியுதாம்மா?" என்று கேட்டார். என் மனைவி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தெரியாம என்ன? பஸ் ஸ்டாண்டுல உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்ற ஆளு" என்றாள். செவிலி சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வெளியே வந்து, சுவரைப் பார்த்து நின்று அழுதேன். நாற்பது வருடக் குடித்தனம் எங்கேயோ போய்விட்டது, அதற்கு முந்தைய ஒன்றரை வருடம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதில் நான் அவளுக்கு யாரும் இல்லை.

அன்று மகள் சொன்னாள்: "அப்பா, நீங்க வர்றதும் அம்மாவுக்குத் தெரியல, போறதும் தெரியல. தினம் வந்து எதுக்கு உடைஞ்சு போறீங்க? ஊருக்குப் போயிடுங்க, நான் பாத்துக்கறேன்." அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. புருஷனைத் தெரியாத பெண்டாட்டியிடமிருந்து புருஷன் எவ்வளவு தூரத்தில் குடியிருக்க வேண்டும் என்பதை ஒன்பது யோசனைகளில் ஒன்றிலாவது சொல்லியிருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது. ஆகவே அந்தக் கட்டுரை பயனற்றது என்று அடுத்த இதழில் ஒரு வரியாவது அச்சிடக் கோருகிறேன். என் சந்தாவையும் இத்துடன் நிறுத்திவிடவும்.

தங்களுக்கும், அந்தக் கட்டுரையை எழுதியவருக்கும் (அவருக்குக் கொஞ்சம் குறைவாக), சகல நலமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
‘பத்து நிமிஷம்’,
டைம் கீப்பர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே கண்ட கடிதத்தைத் திங்கட்கிழமை எழுதினேன். தபால் பெட்டியின் வாய் பனியில் உறைந்து திறக்கவில்லை, அதனால் பையிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை பெட்டி கட்டும் வேலையில் இல்லத்துக்குப் போகவில்லை. புதன்கிழமை, சொல்லிக்கொண்டு போகலாம் என்று போனேன். செவிலி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எங்க போயிட்டீங்க? நேத்து முழுக்க அம்மா சாப்பிடவே இல்ல. ‘அந்த டைம் கீப்பர் எங்க, லீவா? பொய் சொன்னாலும் வந்து சொல்லுவாரே, அவர் இல்லன்னா பஸ்ஸ எப்படி நம்பறது’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க." நான் உள்ளே ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். "மணி என்ன ஆகுது? ஒரு பொறுப்பு வேணாம்?" என்றாள். "பத்து நிமிஷத்துல வந்துரும்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு, தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டாள்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அந்த மூன்றாவது வீட்டை எடுத்துவிட்டேன். அதன் ஜன்னலுக்கு நேர் எதிரே அவளுடைய ஜன்னல். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு மாடிக்காகவோ ஹீட்டருக்காகவோ நான் இறங்கி ஓடவில்லை. அங்கிருந்து பார்த்தபோது, அவள் என் பக்கமாகத் திரும்பி, யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். அதைத் தாங்க முடியாமல் ஓடினேன். இப்போது பார்த்தால் பார்க்கட்டும். படி இறங்கி, அந்த பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, அவள் அறைக்குப் போக ஆறு நிமிடம். வழுக்கினால் நான்கு.

நேற்று அவள் கேட்டாள்: "பஸ் வந்தா நீங்களும் ஏறுவீங்களா, இல்ல இங்கயே உக்காந்துருப்பீங்களா?" முப்பத்தோரு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "ஏறுவேன்" என்றேன். அவள் பக்கத்து நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப நிக்காதீங்க, உக்காருங்க" என்றாள்.

ஆகவே மேலே உள்ள புகாரை அச்சிட வேண்டாம். சந்தாவை நிறுத்த வேண்டாம், புது முகவரிக்கு மாற்றினால் போதும். பத்திரிகை காலை பத்து மணிக்குள் வந்துவிட்டால் நல்லது. அதற்குப் பிறகு நான் டியூட்டியில் இருப்பேன்.