அனுப்பிய அஞ்சலில் ஒரு சுவர்

என்மீது இரக்கப்படுவதற்கு முன் வாசகர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

எங்கள் வீட்டில் இருவருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் முகவரி. திருமணமான புதிதில், "நமக்குள்ள என்ன ரகசியம்?" என்று கேட்டு அதைத் தொடங்கியவன் நான்தான். அந்தப் பருவத்தில் ஆண்கள் பேசுவதை யாராவது தடுக்க வேண்டும்.

அடுத்து, நான் இயந்திரங்களுக்கான கையேடுகளைப் பிழைதிருத்துபவன். வீட்டிலுள்ள சிறிய அறையே என் அலுவலகம். அதற்குக் கதவு உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. தாழ்ப்பாள் உட்புறம் உண்டு. குடும்பத்தலைவனுக்கு இதனினும் பெரிய பேறு இல்லை.

இனி, என் மனைவியின் அண்ணன். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். விருந்துக்கு வருவதென்றாலும் எழுதித்தான் கேட்பார்; எழுத்தில் இசைவு கிடைத்தால்தான் புறப்படுவார். வந்தால் சிறிய அறையில்தான் தங்குவார். விடியுமுன் விசில் ஊதி என்னையும் பயிற்சிக்கு எழுப்புவார். சென்ற முறை அவர் விடைபெற்றபோது, குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது என்ற நிலையில் நான் பாதி வளைந்தே கையசைத்தேன்.

அவர் ஓய்வுபெறப் போகிறார் என்ற செய்தி வந்தது. அன்றே ஒரு மாபெரும் தீர்மானம் செய்தேன்: வீட்டுக்கு வரும் அஞ்சல் அனைத்தும் இனி முதலில் என் கண்ணில்தான் பட வேண்டும்.

கையேடுகளைத் திருத்த நான் பயன்படுத்தும் கணினி நிரலான எடிட்டருக்குள்ளேயே மின்னஞ்சலையும் வரவழைக்கலாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அடையாளச்சொல் இடலாம். ஒரு சொல்லைத் தட்டினால், அச்சொல் உள்ள கடிதங்களெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். நான் கூடுதலாக ஒரு விதி எழுதினேன்: 'மறை' என்ற அடையாளம் பெற்ற கடிதம் எந்தத் தேடலிலும் தலைகாட்டாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பழைய முறை. என்னுடையது கணினி முறை.

"இந்தா, உன் போன்ல மெயில் எடத்த அடைக்குது. எடுத்துடறேன். எல்லாம் என் எடிட்டருக்கே வந்துடும். எது வேணும்னாலும் கேளு, நொடியில தேடித் தர்றேன்."

"நீங்களா? உங்க மூக்குக்கண்ணாடியையே நான்தானே தேடித் தர்றேன்?"

"அதுக்குத்தாம்மா எடிட்டர்."

"சரி, எடுத்துக்குங்க."

சொன்னவுடன் சம்மதித்தாள். எங்கள் இல்லறத்தில் முன்னுதாரணமே இல்லாத நிகழ்ச்சி. அப்போதே நான் அஞ்சியிருக்க வேண்டும்; மகிழ்ந்தேன்.

கடிதம் வந்தது. "மாப்பிள்ளைக்கு, ஓய்வு கிடைத்துவிட்டது. சில மாதங்கள் உங்களோடு தங்க எண்ணம். வசதியைத் தெரிவிக்கவும்."

'மறை' என்று அடையாளமிட்டேன். பின்பு பதில் எழுதினேன். "மச்சானுக்கு வணக்கம். வீட்டில் சுவர் வேலை நடக்கிறது. எங்கும் தூசி. முடிய வெகுநாளாகும்." அனுப்பினேன். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அதன்பின் எனக்கு நிம்மதி இருந்ததா? தொலைபேசி ஒலித்தால் யாரென்று எட்டிப் பார்த்தேன். அழைப்புமணி அடித்தால் விசில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் வாய்திறவாமல் நெளிந்தேன். மனைவியோ வழக்கத்தைவிட அன்பாக இருந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

ஒரு மாலையில் அவள் சிறிய அறைக்குள் வந்தாள், கையில் ஒரு நாற்காலியோடு. நாற்காலியோடு வருபவர் உடனே போவதற்காக வருவதில்லை.

"ஏங்க, அண்ணன் மெயில் ஏதாவது வந்துச்சா?"

"வரலையே."

"தேடிப் பாருங்களேன். நொடியில வரும்னீங்களே."

வந்த கடிதங்களில் அவர் பெயரைத் தட்டினேன். ஒன்றுமில்லை. விதி தன் கடமையைச் செய்தது.

"மாப்பிள்ளைன்னு போடுங்க."

ஒன்றுமில்லை.

"ஓய்வுன்னு?"

"ஒண்ணுமில்ல. பாத்தியா? எடிட்டர் பொய் சொல்லாது."

"அது சொல்லாதுங்க. அனுப்பினதுல தேடுங்க."

வந்த கடிதத்துக்கு அடையாளமிட்டிருந்தேன். நான் அனுப்பிய பதிலுக்கு இட மறந்திருந்தேன்.

"அதுல என்ன இருக்கப்போகுது? நாம அனுப்பினது நமக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். எனக்கு?"

"சரி... என்ன வார்த்தை போடணும்?"

"சுவர்."

"சுவரா? ஏன் சுவரு?"

"சும்மாதான். வாயில வந்துச்சு."

தட்டினேன். எழுத்துப் பிழையோடு தட்டினேன். "இன்னொரு தடவை," என்றாள், குழந்தைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பவள்போல்.

ஒரே ஒரு கடிதம் வந்து நின்றது. மேலே என் பதில். அதன் கீழே, பதில் எழுதும்போது எடிட்டர் தானே படியெடுத்து ஒட்டிக்கொள்ளும் மூலக் கடிதம், வரிக்கு ஓர் அம்புக்குறியோடு, முழுமையாக.

நிதானமாகப் படித்து முடித்தாள்.

"தூசிக்கு மூக்குல துணி கட்டிக்கோன்னு அண்ணன் அன்னிக்கே போன் பண்ணிட்டார். அவர் மெயிலை எங்கதான் ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு பாக்கலாம்னு வந்தேன்."

"வந்து... நான் என்ன நினைச்சேன்னா..."

"விடுங்க. என் புருஷன் எழுத்துல பொய் சொல்றவர்னு எங்க அண்ணன் நினைக்கக் கூடாது. அதனால நாளைக்குக் கொத்தனாரை வரச்சொல்லிட்டேன்."

"கொத்தனாரா? எந்தச் சுவத்துக்கு?"

"எந்தச் சுவருன்னு நீங்க எழுதலையே. நானே முடிவு பண்ணிட்டேன்."

அவள் பார்வை என் தலைக்குமேல், எனக்குப் பின்னாலிருந்த சுவரில் நிலைத்திருந்தது.

பின்னர் முடிவானவை வருமாறு. கூடத்துக்கும் சிறிய அறைக்கும் இடையிலிருந்த சுவர் இடிக்கப்பட்டது. பற்றி நிற்கச் சுவரில்லாததால் கதவும் அகற்றப்பட்டது. இடிப்பதை மேற்பார்வையிட வருமாறு மைத்துனருக்கு எழுத்துமூலம் அழைப்பு சென்றது. அவள் சொல்லச் சொல்ல, என் எடிட்டரில் நானே தட்டினேன். வேலை முடிந்தும் அவர் புறப்படவில்லை; கை காலை நீட்டிப் பயிற்சி செய்ய இப்போதுதான் இடம் போதுகிறதாம். மின்னஞ்சல் இன்னமும் எடிட்டருக்கே வருகிறது. 'மறை' விதியை அவள் நீக்கிவிட்டாள். எனக்கு ஏதேனும் கடிதம் வேண்டுமென்றால் அவளைத்தான் கேட்கிறேன், நொடியில் தேடித் தருகிறாள்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: சிறிய அறையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சிறிய அறை என்று ஒன்று இப்போது இல்லை.