வாய்க்கு ஒரு பென்சில், கைக்கு ஒரு பென்சில்

அமெரிக்காவில் மேல்படிப்பு படிக்க விரும்புகிறவர்களுக்கான தேர்வு நடந்த அன்று, பம்பாயில் அந்தக் கல்லூரி மண்டபத்துக்குள் இருந்தவர்கள்: பளபளவென்று வாரிய தலையோடு பட்டதாரிகள் ஒரு கூட்டம், இடுப்பில் சங்கிலிக் கடிகாரம் தொங்கவிட்ட பார்சி மேற்பார்வையாளர், எனக்கு இரண்டு வரிசை முன்னால் மாட்டுங்கா வசந்தா, அப்புறம் நான். இல்லாதவர்கள்: என் அப்பா, கொடிமுத்து அண்ணாச்சி, இசக்கி மாமா. இந்த மூவரும் வராததால்தான் எல்லாம் கெட்டது என்று எழுதினால் மூவரும் என்னை உதைக்க வருவார்கள். அவர்களுக்கும் அந்தத் தேர்வுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லைதான். ஆனால் அவர்கள் எதிரே உட்காராமல் அதுவரை நான் எதையுமே ஒழுங்காகப் படித்தது கிடையாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாராவியில் தோல் பதனிடும் கொட்டகையில் அப்பாவுக்குத் தோலுக்கு உப்புத் தடவுகிற வேலை. அண்ணாச்சிக்கும் மாமாவுக்கும் அங்கேயேதான். நான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய வாரமே என்னைத் தூக்கி நாக்கா முச்சந்தியில் இருந்த டீக்கடை பெஞ்சின்மேல் நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வேலை விட்டதும் தமிழ்ப் பேப்பர் வாசிப்பு. ஒரு வரி படிக்க வேண்டும். நிறுத்த வேண்டும். அண்ணாச்சி "அதாவது?" என்பார். விளக்க வேண்டும். அதை மாமா மறுப்பார். சண்டை ஓய்ந்ததும் அடுத்த வரி. இப்படியே பதினைந்து வருடம் படித்தவனுக்கு வாசிப்பு என்பது தொண்டையால் செய்கிற வேலை. கண்ணால் மட்டும் படிப்பதைச் சோற்றைப் பார்த்துவிட்டுக் கைகழுவுகிற காரியமாகவே நினைத்திருந்தேன்.

எழுத மட்டும் சொல்கிற பரீட்சைகளிலேயே கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. முடித்து, அமெரிக்கா என்ற கிறுக்குப் பிடித்ததும், பயிற்சிப் புத்தகத்தில் இருந்த ஆங்கிலப் பத்திகளைக் காகிதத்தில் பெயர்த்தெழுதிக்கொண்டு அதே பெஞ்சுக்குத்தான் போனேன். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. திமிங்கலம், எரிமலை, கிரேக்க தேசத்துச் சண்டை. சபைக்கு எல்லாமே பிடித்திருந்தது, ஒரு குறையைத் தவிர.

"அந்த ராசா கோட்டைய விட்டு ஓடினாரே, பொறவு?" என்றார் இசக்கி மாமா.

"பொறவு இல்ல மாமா. அஞ்சு கேள்வி கேட்டிருக்கான்."

"கேள்வி கெடக்கட்டும்லே. ராசா என்ன ஆனாரு?"

"அது இதுல போடல."

"பயல் ஒளிக்கான்."

"ஒளிக்கலவே," என்று கொடிமுத்து அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். "புத்தகம் போட்டவன், மீதிக் கதை வேணும்னா அமெரிக்காவுக்கு வான்னு சொல்லுதான். அதுக்குத்தான் பாதியில நிப்பாட்டுதான்."

அந்தப் பயிற்சிப் புத்தகம் மாட்டுங்காவில் ஒரு வாசகசாலையில் இருந்தது. ஒரே பிரதி, வெளியே தரமாட்டார்கள். அதே புத்தகத்துக்கு இன்னொரு ஆளும் வந்துகொண்டிருந்தாள். அதனால் ஒரே மேஜை, நடுவில் புத்தகம், அந்தப் பக்கம் வசந்தா. (இந்தப் பக்கம் எவன் இருந்தான், அவன் என்ன ஆனான் என்பதெல்லாம் அவனுக்கே அப்போது சரியாகத் தெரியாது.) அவள் அப்பா ஏதோ ஆபீசில் பெரிய உத்தியோகம். வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். முதல் நாள் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன, ஜபம் பண்றேளா?"

"இல்லீங்க. படிக்கேன்."

"எனக்குக் கேக்கறதே."

"கேக்கணும்லா?"

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். கேலி இல்லை, நிஜமான ஆச்சரியம். பிறகு தன் பென்சிலை நீட்டினாள். "இதைப் பல்லால கடிச்சிண்டு படிங்கோ. வாய் அசையாது."

கடித்துக்கொண்டு படித்தேன். வாய் அசையவில்லை. மூன்று வாரத்தில் பென்சில் இருந்தால் மௌனமாகப் படிக்கிற ஆளாகிவிட்டேன். அந்த முதல் பென்சிலைத் திருப்பிக் கேட்டாளா என்று கேட்காதீர்கள். பல்லின் தடம் பதிந்த பென்சிலை ஒரு பெண்ணிடம் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லி வைத்துக்கொண்டேன்.

வாசகசாலை மூடியதும் கிங்ஸ் சர்க்கிள் வரை சேர்ந்து நடப்போம். ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஒரு ஆங்கிலச் சொல். அவள் சொல்ல, அடுத்த கம்பம் வருவதற்குள் நான் பொருள் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் அந்தக் கம்பத்தடியிலேயே நின்று யோசிக்கலாம். எனக்குத் தெரிந்த சொற்கள்கூட அந்த ரோட்டில் மறந்துபோவது வாடிக்கையாயிற்று. "இது நேத்தே சொன்னேளே?" என்பாள். நான் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏக்கம் என்பதற்கு ஆங்கிலத்தில் நாலைந்து சொற்கள் உண்டு என்று கற்றது அந்த ரோட்டில்தான். எல்லாவற்றுக்கும் பொருள் தெரியும். ஒன்றையாவது வாக்கியத்தில் அமைத்துக் காட்டத்தான் தைரியம் வரவில்லை.

இருவரும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தோம். அவள் தேர்ந்தெடுத்தாள். நான் அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அதையே எழுதினேன். ஆக, தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் அங்கேயும் விளக்குக் கம்பங்கள் இருக்கும். வாங்காவிட்டால் அந்த நடை கிங்ஸ் சர்க்கிளோடு சரி.

தேர்வுக்கு இரண்டு பென்சிலோடு போனேன். ஒன்று கைக்கு, ஒன்று வாய்க்கு. முதல் பகுதி சொற்பொருள். ஒவ்வொரு சொல்லாக வர, எனக்கு விளக்குக் கம்பங்களாகத் தெரிந்தன. வெளுத்துக் கட்டினேன். கட்டிய வேகத்தில் கைப்பென்சிலின் முனை முறிந்தது. சீவ பிளேடு இல்லை. வாயிலிருந்ததை எடுத்துச் சட்டையில் துடைத்துக் கைக்கு மாற்றினேன்.

இரண்டாவது பகுதி, படித்துப் புரிந்துகொள்வது. முதல் பத்தி பனியாறுகளைப் பற்றி. அருமையாகப் புரிந்தது. ஒவ்வொரு வரியும் மணி மாதிரிக் காதில் விழுந்தது. (காதில் ஏன் விழுகிறது என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.) முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. என்னைப் பார்த்து விடை எழுதப் பார்க்கிறார்கள் என்று விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொண்டு மேலே படித்தேன். ஒரு வரி முடிந்ததும் நிறுத்தினேன். "அதாவது?" என்று எவரும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீக்கடையின் கடைசிப் பெஞ்சுக்கு எட்டுகிற குரலில், அத்தனை பேருக்கும் பனியாற்றை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பாத தலை வசந்தாவுடையது மட்டும்தான். அவளுக்குக் குரல் தெரியும்.

மேற்பார்வையாளர் நல்ல மனுஷர். கோபிக்கவில்லை. இது உனக்கு வியாதியா, பழக்கமா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். பழக்கம் என்றேன். யோசித்துவிட்டு, வராந்தாவில் ஒரு நாற்காலி மேஜை போட்டு, அங்கே போய் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் படி என்று அனுப்பினார். காவலுக்கு ஒரு பியூனையும் நிறுத்தினார்.

அந்தக் கருணைதான் என் கழுத்தை அறுத்தது.

நான் முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன். பியூன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என் ஆங்கிலத்தில் இருந்த திருநெல்வேலியைக் கண்டுகொண்டார் போலிருக்கிறது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சாத்தாங்குளம் பக்கம்."

"நமக்கு நாசரேத்து. ஞானமுத்துன்னு பேரு." நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "என்னமோ வாசிக்கீங்களே, அதாவது?"

அந்த ஒரு சொல் போதும். என் பதினைந்து வருடத்துப் பெஞ்சு வந்து எனக்கடியில் நின்றுகொண்டது.

"பனியாறு அண்ணாச்சி. மலை மேல ஐஸ் கட்டியா இருக்கும். ஆனா ஓடும்."

"ஒறைஞ்சது எப்படிய்யா ஓடும்?"

"மேல பாரம் ஏற ஏற, அடியில வழுக்கும்லா? அப்படியே எறங்கும்."

"ஒரு நாளைக்கு எம்புட்டு தூரம்?"

"ஒரு முழம்னு வைங்க."

"அப்பம் அது ஆறு இல்ல, ஆமை."

"மெதுவாப் போனாலும் மலையையே அரைச்சிருமாம்."

"எங்க வீட்டுக்காரி மாதிரி."

இருவரும் சிரித்தோம். அடுத்த பத்தி தேனீக்கள். தேனீ ஆடி ஆடி வழி சொல்லும் என்றதை ஞானமுத்து அண்ணாச்சி நம்பவில்லை. எழுந்து நின்று ஆடிக் காட்டினேன். நேரம் முடிந்தது என்று சங்கிலிக் கடிகாரத்தோடு மேற்பார்வையாளர் கதவைத் திறந்தபோது, நான் தேனீயாக இருந்தேன். விடைத்தாளின் இரண்டாம் பகுதியில் ஒரு புள்ளிகூட வைத்திருக்கவில்லை.

அன்று வீட்டில் அப்பா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னலே, நல்லாப் படிச்சியா?"

"நல்லாத்தான் படிச்சேன்பா."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஹால் முழுக்க."

அப்பா திருப்தியாகப் படுத்துக்கொண்டார்.

முடிவு வந்தது. சொற்பொருளில் கம்பீரமான மதிப்பெண். வாசிப்பில் போட்டிருந்ததைப் பார்த்தால், எனக்குக் கண்ணே இல்லை என்று நினைத்திருப்பார்கள். பல்கலைக்கழகம் இரண்டே வரியில் வருத்தம் தெரிவித்தது. அடுத்த வருடம் மறுபடி எழுதலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். எழுதலாம்தான். ஆனால் வசந்தா இந்த வருடமே போகிறாள். நான் அம்பர்நாத்தில் ஒரு சாயத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கடைசியாக வாசகசாலையில் பார்த்தபோது, புறப்படும் தேதியைச் சொன்னாள். "ஆத்துல எல்லாரும் ஏர்போர்ட்டுக்கு வருவா," என்று சேர்த்துக்கொண்டாள். அதன் பொருளும் எனக்குத் தெரியும். சரி என்றேன். வெளியே வந்து விளக்குக் கம்பங்களை எண்ணாமல் நடந்தேன்.

சாந்தாக்ரூஸ் விமான நிலையத்தில் பார்வையாளர்களுக்கு என்று ஒரு மாடம் உண்டு. சீட்டு வாங்கினால் யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். எங்கே கிளம்புகிறாய் என்று அப்பா கேட்டார். பிளேன் பார்க்க என்றேன். தானும் இதுவரை பார்த்ததில்லை என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தூரத்தில் படிக்கட்டில் பச்சைச் சேலை ஒன்று ஏறியது. மேல்படியில் ஒரு கணம் நின்றது. மாடத்தைப் பார்த்ததா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியதா, அவ்வளவு தூரத்தில் என்ன தெரியும்.

"யாருலே அந்தப் புள்ள?"

"கூடப் படிச்சவங்கப்பா."

"வாய்விட்டா?"

"இல்லப்பா. மனசுக்குள்ள."

 விமானம் ஓடி, எழும்பி, புள்ளியாகும்வரை அப்பா நின்றார். நான் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரையும் நின்றார்.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்த பிறகும், வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். பரீட்சைக் கட்டணம், பனியாறு, தேனீ எதுவும் அவர் கணக்கில் கிடையாது.

"எம் மவன் அமெரிக்காவுக்குக் கெளம்பினான்ல, தனியா விடலாமான்னு நானும் கூடப் போனேன். சாந்தாக்ரூஸ் வரைக்கும். ஆளுக்கு எட்டணா டிக்கெட்டு. ரெண்டு பேருக்கும் சேர்த்து மொத்தச் செலவு ஒரு ரூவா."