வென்சு நிழல் காத்த படலம்

வாழ்க வென்சு! வெல்க அவன் மடக்கு நாற்காலி! கப்பற்பட்டறையில் ஒரு வாழ்நாள் இரும்பு காய்ச்சி, ஓய்வூதியம் பெற்ற மறுநாளே ஓய்வையும் போர்போல் நடத்தத் தொடங்கிய வல்வில் தோளன்; தக்காளி தேய்த்த ரொட்டியைத் தனியொருவனாய் வெல்பவன்; குறட்டையால் கோட்டை மதிலைக் குலுக்கும் மால்ட்டாத் தீவின் மணிவிளக்கு. அவன் புகழ் பாடப் புகுந்தேன். நடுநிலக் கடலே, என் நாவில் உப்பை அள்ளி ஊற்று! நான் சொல்வதில் பாதி மிகை என்பார், மீதிப் பாதியையாவது நம்பக் கடவர்.

பீனீசியர் வந்தனர், உரோமர் வந்தனர், அராபியர் வந்தனர், சிலுவைக் கொடி பிடித்த வீரத்துறவியர் வந்தனர். வந்தவர் எல்லோரும் இந்தத் தீவைப் பிடித்தனர். ஒருவராலும் ஆகஸ்டு மாதத்து மத்தியான நிழலைப் பிடிக்க இயலவில்லை. அந்த அரும்பெரும் பேற்றையே மாதா திருநாளன்று வென்சு பிடிக்கத் துணிந்தான். ஏன் துணிந்தான்? முந்தைய நாள் அவன் இல்லக்கிழத்தி ஜித்தா, மக்ரோனித் தட்டை அடுப்பில் தள்ளியபடியே அருளிய ஆணை அத்தகையது:

"இந்த வருஷமும் என்னை வெயில்ல உக்காத்தி வச்சு சோறு போட்டே, பாத்துக்கோ. மத்தியானச் சாப்பாடு நிழல்ல. இல்லேன்னா அடுத்த லீவுக்கு கோசோத் தீவுல எங்க அக்கா வீடு. அத்தான் கிளாரினெட் வாசிப்பாரு. நீ பக்கத்துல உக்காந்து தலையாட்டணும்."

அந்தக் கிளாரினெட்டைக் கேட்டவர் அறிவர். ஆடு கத்தினால் அறுக்கலாம். அத்தான் வாசித்தால் என்ன செய்வது?

மெல்லீஹாக் கடற்கரையின் வடகோடியில் நிற்பது ஒரே ஒரு மரம். ஊசியிலை, நோஞ்சான் உடம்பு, மொட்டைத் தலையில் எஞ்சிய மயிர்போல் கிளை. அதன் நிழல் காலையில் சாலைப் பக்கம் விழும். உச்சியில் வடக்கே திரும்பும். அப்புறம் கடலை நோக்கி நடையைக் கட்டும். சிற்றறிவினர் நிழல் இருக்கும் இடத்தில் அமர்வர். வென்சுவோ நிழல் வரப்போகும் இடத்தில் அமர்ந்தான்! விடியுமுன் வந்து, மரத்துக்கு வடக்கே, பொட்டல் மணலில் நான்கு நாற்காலிகளை நான்கு கோட்டைக் கொத்தளங்கள்போல் நாட்டி, இனிமேல் பிறக்கப்போகும் இளவரசனுக்கு இப்போதே தொட்டில் ஆட்டும் செவிலிபோல், இல்லாத நிழலுக்குக் காவல் இருந்தான். ஞாயிறு ஏறினான்; வென்சுவின் வழுக்கை மீதும் ஏறினான். மூக்குச் சிவந்தது, தோள் சிவந்தது, காதின் பின்புறமும் சிவந்தது; தவம் கலையவில்லை.

அப்போது வந்தான் நார்டு. அதே ஊரான், ஆனால் எதிர்ப் பாண்டு வாத்தியச் சங்கத்தான். ஒரே புனிதருக்கு ஒரே நாளில் இரண்டு மேளம் கொட்டி ஒருவர் காதை ஒருவர் செவிடாக்கும் அந்த ஊரில், வென்சு சிவப்புக் கொடி, நார்டு நீலக் கொடி. அந்த நீலக்கொடியோன் தவமும் செய்யவில்லை, திட்டமும் தீட்டவில்லை. சாலைப் பக்க நிழலில் நாற்காலியை விரித்தான், செய்தித்தாளைப் பிரித்தான், நிழல் நகர நகரப் பின்புறத்தைத் தூக்காமலே தானும் நகர்ந்தான். மேய்ச்சல் மந்தைபோல் நிழலும் அவனும் அங்குலம் அங்குலமாக வென்சுவின் எல்லையை நெருங்கினர். உச்சி வேளையில் நார்டுவின் கட்டைவிரல் எல்லை தாண்டியது. கடல் ஒருகணம் மூச்சடக்கியது.

"யோவ் நார்டு, காலை எடுய்யா. இது என் இடம்."

"இடம் உன்னுதுதான், யாரு இல்லேன்னா? நிழல் என்னுது. காலைலேர்ந்து கூடவே நடத்திக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"அப்போ விடியக்காலத்துலேர்ந்து வெறும் மண்ணுக்கா நான் வெந்தேன்?"

"அதை என்னைக் கேட்டா? சுட்ட இறா மாதிரி இருக்கே, போய்த் தண்ணில விழு."

மண்ணுக்குரியவனா மன்னன், மண்மேல் விழும் நிழலுக்குரியவனா? எந்த மனுநீதியும் விடை காணா வழக்கு! மூண்டது போர். கடற்குடைகள் வேலெனப் பாய்ந்தன; ஐஸ்பெட்டி மூடிகள் கேடயமாயின; தர்ப்பூசணித் தோல் வானத்தில் பிறைநிலவாய்ப் பறந்து யாரோ ஒரு பாதிரியாரின் முதுகில் அடைந்தது. சிவப்பர் வென்சுவின் பின் திரண்டனர், நீலர் நார்டுவின் பின் திரண்டனர். காவியத்துக்குக் காரணமான ஜித்தாவோ, நார்டுவின் மனைவி பிலுமேனாவோடு, கழுத்தளவுக் கடலில், தலையில் வைக்கோல் தொப்பியோடு மிதந்தபடி, யார் வீட்டுப் பெண் யாரோடு ஓடினாள் என்னும் ஆய்வில் காலை முதல் மூழ்கியிருந்தாள்.

அந்நேரம், குன்றின் மேலுள்ள பழங்காவற்கோபுரத்தைக் காட்டிவிட்டு, மஞ்சள் கொடி உயர்த்திய வழிகாட்டி ஒருவன் தன் வெளிநாட்டுப் பயணிகளோடு இறங்கினான். இது என்ன கலவரம் என்று ஓர் அம்மையார் வினவினார். 'தெரியாது' என்ற சொல்லைத் தொழிலில் சேர்ந்த நாளிலேயே துறந்தவன் அவன்.

"பழைய முற்றுகைப் போர், அம்மா. வருஷா வருஷம் நடிச்சுக் காட்டுவாங்க. டிக்கெட் கிடையாது, உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தனர். கைதட்டினர். அந்தோ, அந்தக் கைதட்டல்! திருவிழா மேளத்தில் பிறந்து வளர்ந்த குடியினர் பீரங்கிக்கு அஞ்சார்; கைதட்டலுக்கு மட்டும் தாங்கார். வென்சு மீசையை முறுக்கினான். நார்டு துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டான். 'இன்னொரு முறை' என்று எவரோ கை காட்ட, இருவரும் குடை ஓச்சி மறுபடி மோதினர். நார்டு விழுந்து மடிந்தான். எழுந்து, முறைப்படி வென்சுவையும் மடியச் செய்தான். மாண்டும் மீண்டும் மாண்டும் அவர்கள் களமாடிய அந்த நெடும்பொழுதில், நிழல் எவரிடமும் சொல்லாமல் எழுந்து, நான்கு கொத்தளங்களையும் கடந்து, கடற்பக்கம் போய், பயணிகள் மடியில் படுத்துக்கொண்டது.

பசி வந்தபோது பெண்கள் கரையேறினர். ஜித்தா சுற்றிலும் பார்த்தாள். மக்ரோனித் தட்டைத் தூக்கினாள். பிலுமேனாவையும் இழுத்துக்கொண்டு நேரே பயணிகள் நடுவே போனாள். நாடகக்குழுப் பெண்கள் என்றெண்ணி அவர்கள் மரியாதையுடன் ஒதுங்கி இடம் தந்தனர். உண்டாள். விரலை நக்கினாள். பின்னரே தீர்ப்புரைத்தாள்.

"நிழல்லதான் சாப்பிட்டேன் வென்சு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இது அந்தக் கொடிக்காரன் பிடிச்சுக் கொடுத்த நிழல். நீ பிடிச்சது இல்ல. அக்காவுக்கு இன்னிக்கே போன் போடறேன்."

"நடிப்பு பிரமாதம்யா," என்றாள் பிலுமேனா தன் கணவனிடம். "ரெண்டாவது தடவை செத்தது இன்னும் நல்லா இருந்துச்சு."

நார்டு தலை கவிழ்ந்து, பகைவனின் சிவந்த தோளைத் தொட்டான். தொட்ட இடம் எரிய, வென்சு வீறிட்டான். அந்த வீறலில் கோபுரத்துப் புறாக்கள் சிதறின, கப்பல்கள் திசை தடுமாறின, வீரத்துறவியர் தம் கல்லறைகளில் புரண்டு படுத்தனர். 'நிலமே, நீ கேள்! நெருப்பே, நீ கேள்! வென்சு வெயிலுக்குத் தோற்றிலன், நீலனுக்குத் தோற்றிலன், கைதட்டலுக்கே தோற்றான்' என்று எட்டுத் திக்கும் ஓலமிட, நான்கு வெற்று நாற்காலிகளின் நடுவே அவன் வீழ்ந்துபட்ட மரகதம்போல், அல்லது மாணிக்கம்போல், நிறத்தைக் கருதி மாணிக்கம்போலவே, மணலில் சாய்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் வெயில் தாழ்ந்துவிட்டது.