உன் அக்காவை அனுப்பி வை, படம் வந்துவிட்டது

மரக்காணம் சாலை,
திண்டிவனம் வட்டம்.
பங்குனி 12.

விழுப்புரத்தில் இருக்கும் என் மைத்துனர் தேவநாதன் அவர்களுக்கு, அக்கா புருஷன் முருகையன் எழுதிக்கொண்டது. இங்கே நான், பசுமாடு, மல்லாட்டைக் கொல்லை மூவரும் சவுக்கியம். அங்கே நீ, காந்திமதி, பிள்ளைகள் எல்லோரும் சவுக்கியமாக இருக்க வேண்டும். உன் அக்கா வெள்ளையம்மாளின் சவுக்கியத்தை மட்டும் நான் விசாரிக்கவில்லை. உன் வீட்டில் கேபிள் இருக்கிறது, சவுக்கியமாகத்தான் இருப்பாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "மாமா, மாமா, நான் சொல்றத செத்த கேளுங்க" என்று நடுவில் புகுந்துவிடுகிறாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

உன் அக்கா உன்னிடம் சொன்னது பாதிதான். கேபிள்காரன் விருத்தாசலம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் முருங்கை மரத்தில் வயரைக் கட்டியிருந்தான். காய் பறிக்கப் போனால் கழுத்தில் வயர். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "நாளைக்கே மாத்திடறேன் பெரியவரே" என்று வண்டியை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனான். நான்காவது தடவை நான் சொல்லவில்லை, அரிவாளை எடுத்து வெட்டிவிட்டேன். அது என் வீட்டுக்கு மட்டும் போகிற வயர் என்றுதான் நினைத்தேன், தெரு முழுக்கப் போகிற வயர் என்று மரத்தில் எழுதியா வைத்திருக்கிறான்? அன்றைக்குப் பார்த்து இவர்கள் எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் கல்யாணமாம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தானாம், டி.வி. நின்றுவிட்டதாம். பதினான்கு வீட்டுப் பெண்களும் தெருவுக்கு வந்து பார்த்தால் மரத்தடியில் நான் நிற்கிறேன், கையில் அரிவாள்.

விருத்தாசலமோ, பெரியவர் வந்து தப்பு என்று சொல்லட்டும், அப்புறம்தான் வயரை ஒட்டுவேன் என்று உட்கார்ந்துவிட்டான். மறுநாள் காலையில் உன் அக்கா பையைத் தூக்கினாள். "போய் அந்தாள் கிட்ட தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லியா, இந்த வூட்ல படம் தெரியட்டும். ரெண்டுல ஒண்ணு நடந்தா வர்றேன். தெருவுல தல காட்ட முடியல, ஒரே பேஜாரா போச்சு" என்றாள். பத்தொன்பது நாள் ஆகிறது.

தப்பு என்கிற வார்த்தை என் வாயில் வராது. எழுபத்தொரு வயதில் புது வார்த்தை பழக முடியாது. ஆகவே இரண்டாவதைச் செய்வது என்று முடிவு செய்தேன். காற்றில் சும்மா வருகிற படத்துக்கு வயர் எதற்கு, விருத்தாசலம் எதற்கு? நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் ரேடியோ ரிப்பேர் புத்தகம் இரண்டு பாகமும் படித்தவன். இரண்டாம் பாகத்தில் கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அதில் என்ன இருந்திருக்கும் என்பதை நானே யோசித்துக்கொண்டேன்.

பரணில் நம் பழைய ஆன்டெனா மீன் முள்ளு மாதிரி அப்படியே கிடந்தது. மூன்று முள் இல்லை. குடைக்கம்பியை வெட்டி வைத்தேன் (குடை உன் அக்காவுடையது, மழைக்காலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது). பின்பக்கம் அகலமாக ஒரு தகடு வைத்தால் சிக்னல் சிதறாது என்று தோன்றியது. வீட்டில் அகலமான தகடு ஒன்றுதான் இருந்தது. எங்கள் கல்யாணத்தில் உன் அப்பா சீராக வைத்த பித்தளைத் தாம்பாளம். நடுவில் நான்கே நான்கு ஓட்டைதான் போட்டிருக்கிறேன். அவர் பெயர் வெட்டிய இடத்தைத் தொடவே இல்லை. யோசித்துப் பார், உன் அப்பாவின் பெயர் இன்றைக்கு இந்த ஊரிலேயே உயரமான இடத்தில் இருக்கிறது.

பழைய போர்வெல் பைப்பை மாடியில் நட்டு, சென்னையைப் பார்த்து வடக்கே கட்டினேன். மூன்று நாள் டி.வி.யில் மல்லாட்டைக் கடலை வறுக்கிற மாதிரி சத்தம் மட்டும் வந்தது. நான்காம் நாள் சாயங்காலம் நல்ல காற்று. பைப் தெற்கே திரும்பிக்கொண்டது. காற்றுதான் திருப்பியது என்று பக்கத்து வீட்டு வேணி சொல்லுவாள், நம்பாதே, திரும்புகிற மாதிரி முடுக்கியதே நான்தான். திரும்பியதும் படம் வந்தது பார், கண்ணாடி மாதிரி! ஒரு பெரிய வீடு, மாடிப்படி, அழுகிற பெண். ஆனால் ஒரு வார்த்தை புரியவில்லை. எழுத்தெல்லாம் ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருந்தது. ரிட்டயர்டு வாத்தியார் புகழேந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யோவ் முருகையா, இது சிங்களம்யா. இலங்கை டி.வி. வெயில் காலத்துல காத்து இப்பிடி கடலத் தாண்டி இழுத்துக்கினு வரும்" என்றார். நான் சென்னைக்கு வலை வீசினேன், இலங்கையே விழுந்தது. இதை எந்தக் கேபிள்காரன் தருவான், சொல்?

முதல் நாள் வேணி மட்டும் வந்தாள். மறுநாள் நாலு பேர். இப்போது ஏழு மணிக்குக் கூடத்தில் எனக்கு உட்கார இடமில்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் வெளியே நிற்கிறேன்.

"அந்த வெள்ளப் பொடவதான் மாமியாக்காரி."

"நாத்தனாடி அவ. மாமியாரா இருந்தா இவ்ளோ சிரிப்பாளா?"

"நகைய எடுத்தது டிரைவரு. மூஞ்சப் பாத்தாலே தெரியல?"

நான் உள்ளே எட்டிப் பார்த்து, அந்தப் பெண் இப்போது என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். வேணி சீறினாள்: "நீங்க செத்த சும்மா இருங்க பெரிப்பா, பேசறது ஒண்ணும் கேக்க மாட்டேங்குது!"

ஆகவே தேவநாதா, உன் அக்கா போட்ட நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவளை ஏற்றிவிடு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்பேன். நான் விருத்தாசலத்திடம் போய்விட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இந்த ஜென்மத்தில் அது நடக்காது. நான் கிண்டுகிற கேப்பைக் கூழில் கட்டி விழுகிறது, பசு என் கை பட்டால் உதைக்கிறது. இதெல்லாம் புகார் அல்ல, தகவல். அவளிடம் சொன்னாலும் சொல்லலாம்.

காந்திமதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உன் வீட்டு அடுப்பு அணையாமல், உன் கூரை ஒழுகாமல், நீ நூறு வயது இருந்து, இனிமேலாவது பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்க அங்காளம்மன் அருள்வாளாக.

இப்படிக்கு,
யாருக்கும் தலை வணங்காத
முருகையன்

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போடும்போது வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. உன் அக்கா இறங்கினாள். நீதான் பஸ் ஏற்றிவிட்டாயாமே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூழுக்காகவும் வரவில்லை, எனக்காகவும் வரவில்லை. வேணி தினமும் போனில் கதை சொல்லியிருக்கிறாள். நேற்று அந்தப் பெண் பூட்டிய பெட்டியைத் திறக்கிற இடத்தில் வேணிக்குச் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறாள். கை கால் கழுவிக்கொண்டு ஆறரைக்கே வந்து உட்கார்ந்தாள். மல்லாட்டை வறுக்கிற சத்தம்தான் வந்தது.

காற்று பைப்பை மறுபடி திருப்பியிருந்தது. ஏறலாம் என்று போனால் என் ஏணி இரண்டாம் படியிலேயே முறிந்தது. மாடிக்கு எட்டுகிற ஏணி தெருவில் ஒன்றுதான், விருத்தாசலத்தின் வீட்டில். உன் அக்கா பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. போனேன். சொன்னேன். அந்த ஒரு வார்த்தை ஏணிக்காகச் சொன்னது, வயருக்காக அல்ல. அவன் பதில் சொல்வதற்குள் அவன் பெண்டாட்டி பூமாலை உள்ளே இருந்து வந்து, "இன்னும் என்னாத்த பேசிக்கினு நிக்கிறீங்க? ஏழடிச்சுப் போச்சு, ஜல்தியா ஏணியத் தூக்கு!" என்று அவனை விரட்டினாள். கூடத்தில் அத்தனை நாள் அவளும் உட்கார்ந்திருந்தாளாம். நான் கவனிக்கவில்லை.

அவன் ஏணியைப் பிடித்தான், நான் ஏறிப் பைப்பைத் திருப்பினேன். பிடித்திருந்தால் படம் வருகிறது, கையை எடுத்தால் போகிறது. "அப்பிடியே நில்லுங்க! அசையாதீங்க!" என்று உன் அக்கா கீழேயிருந்து கத்தினாள். அரை மணி நேரம் நின்றேன். முடிந்த பிறகு பையைப் பிரித்தாள். பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டால், பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் என்கிறாள்.

விருத்தாசலம் வயரை நாளைக்கே ஒட்டுகிறானாம். ஒன்றும் அவசரமில்லை என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். ஆகையால் நீ யாரையும் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் வா. வந்தால் நேராக மாடிக்கு வா, ஏழிலிருந்து ஏழரை வரை அங்கேதான் நிற்பேன். நீ கொஞ்ச நேரம் பைப்பைப் பிடித்துக்கொண்டால், நான் இறங்கிப் போய் ஒரு தடவை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வருவேன்.